மருத்துவமனை ஊசியா, தையல் ஊசியா?

பாக்டீரியா நம் செல்லுக்குள் புரதத்தைச் செலுத்தும் கருவியைப் பற்றிப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் யூடியூபைத் திறந்தாலும் ஒரே படம்தான்: ஊசி. மருந்தை உறிஞ்சி, தோலில் குத்தி, பின்னாலிருந்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும் சிரிஞ்சு. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். மின்னணு நுண்ணோக்கியில் அகலமான அடித்தளமும் அதிலிருந்து நீளும் குழாயும் தெளிவாகத் தெரியும். ஆனால் சிரிஞ்சை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் பாதி விஷயம் தவறாகப் புரியும். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. போடுவதும் ஊசி, தைப்பதும் ஊசி. இந்தக் கருவிக்கு நெருங்கியது இரண்டாவதுதான். புரதம் இங்கே பீய்ச்சப்படுவதில்லை, நூல் மாதிரி நுனி முதலில் நுழைந்து இழை இழையாகக் கோக்கப்படுகிறது. அந்த ஒரு திருத்தத்தைச் செய்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்காரும்.

சால்மோனெல்லா டைஃபிமியூரியத்தை எடுத்துக்கொள்வோம். சரியாக வேகாத முட்டை, கோழி என்று வந்து வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தருவது. டைஃபாய்டு தரும் டைஃபி இதற்கு நெருங்கிய உறவு. அதற்குப் பிறகு வருகிறேன். குடல் செல்லுக்குள் இது நுழையத் தேவையான மரபணுக்களை 1989-இல் கலானும் கர்டிஸும் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுக்கள் கட்டும் கருவியைக் கண்ணால் பார்க்க 1998 ஆனது. குபோரி, கலான், ஐசாவா குழு பாக்டீரியாவின் உறையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துப் படம்பிடித்தது.

இப்படி ஒரு கருவி எதற்கு? சால்மோனெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வுகள், நடுவே ஓர் இடைவெளி. உள்ளே தயாராகும் புரதம் வெளியே போக இரண்டையும் தாண்ட வேண்டும். காலரா பாக்டீரியா இதை இரண்டு தவணையாகச் செய்கிறது. நச்சின் துண்டுகள் முதல் சவ்வைத் தாண்டி இடைவெளியில் மடிந்து ஒன்றுசேர்கின்றன. பிறகு இரண்டாம் வகைச் சுரப்பு அமைப்பு முழு நச்சையும் வெளியே தள்ளுகிறது. அதோடு பாக்டீரியாவின் வேலை முடிந்தது; நச்சு குடலின் நீரில் மிதந்துபோய்த் தானே செல்லைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் தே, காலரா பாக்டீரியா வளர்ந்த நீரைப் பாக்டீரியாவே இல்லாமல் வடிகட்டி, அதை மட்டும் முயலின் குடலில் விட்டு, அங்கே நீர் கோத்துக்கொள்வதைக் காட்ட முடிந்தது. சால்மோனெல்லாவின் வடிநீரை வைத்து இப்படிக் குடல் செல்லுக்குள் நுழைவைக் காட்ட முடியாது. நாம் பேசும் ஊசிக் கருவிக்கு மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். அது தன் இரண்டு சவ்வையும் நம் செல்லின் சவ்வையும் சேர்த்து மூன்றையும் ஒரே தாண்டலில் கடக்கிறது. புரதம் நடுவில் எங்கும் வெளிச்சம் பார்ப்பதில்லை. பாக்டீரியா உயிரோடு இருந்து, செல்லைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் வேலை நடக்கும். வயிற்றுப்புண் தரும் ஹெலிகோபாக்டர் காக்-ஏ புரதத்தை ஏற்றும் நான்காம் வகையும், வைரஸின் வாலை ஒத்த ஆறாம் வகையும் தனித்தனிக் கதைகள், இங்கே தொடவில்லை.

இனி கருவியின் பாகங்கள். அடித்தளத்தில், உட்சவ்வில் 24 பிரதிகள் கொண்ட இரண்டு வளையங்கள். வெளிச்சவ்வில் 15 பிரதிகள் கொண்ட ஒரு வாசல் வளையம். உள்வளையத்தின் நடுவே, பத்து மூலக்கூறுகள் சுருண்டு நிற்கும் ஒரு சிறு கூம்பு. அதுதான் வழியின் தொடக்கம். அதற்கும் கீழே, பாக்டீரியாவின் உள்பக்கம், செல்லின் எரிபொருளான ஏடிபியை உடைக்கும் ஆறு மடல் இயந்திரமும் சரக்கைத் தரம்பிரிக்கும் மேடையும். மேலே ஊசி. பிஆர்ஜி-ஐ என்ற 80 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட குட்டிப் புரதம் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளாகச் சுருள்படிக்கட்டு போல அடுக்கிக் கட்டிய குழாய் அது. நீளம் ஏறத்தாழ 50 நானோமீட்டர். 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியாவில் நாற்பதில் ஒரு பங்கு. உள்துளையின் அகலம் சுமார் 2 நானோமீட்டர், சில இடங்களில் அதற்கும் குறைவு.

அந்த 2 நானோமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆய்வகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் பச்சை ஒளிர் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீப்பாய் வடிவம், அகலம் 2.4 நானோமீட்டர், நீளம் 4.2. மடிந்த நிலையில் அது இந்தத் துளையில் போகாது. ஏவல் புரதங்கள் (எஃபெக்டர்களை நான் இப்படித்தான் சொல்வேன்; போன இடத்தில் எஜமானுக்காக வேலை செய்பவை) பல இதைவிடப் பெரியவை. எனவே போவதற்கு ஒரே வழி, மடிப்பு பிரிந்து இழையாகப் போவது.

ஊசியில் நூல் கோக்கும்போது நுனி பிரிந்திருந்தால் எச்சில் தொட்டு முறுக்கிக் கொடுப்போம் அல்லவா? அந்த வேலையைச் செய்வது சாப்பரோன் என்ற துணைப் புரதம். ஏவல் புரதத்தின் முன்பக்கம் முதல் இருபது முப்பது அமினோ அமிலங்கள் 'இது வெளியே போக வேண்டிய சரக்கு' என்ற அடையாளம். அதற்கடுத்து நூறாவது அமினோ அமிலம் வரைக்கும் உள்ள பகுதியைச் சாப்பரோன் பிடித்துக்கொள்ளும். எஸ்பிடி-பி என்ற ஏவல் புரதத்தை அதன் சாப்பரோனோடு சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தபோது (2001), அந்த முன்பகுதி மடியாமல், சாப்பரோனைச் சுற்றி நூல்கண்டில் சுற்றியது போல நீண்டு கிடந்தது. ஏடிபி இயந்திரம் சாப்பரோனைக் கழற்றி, மீதிப் புரதத்தின் மடிப்பைப் பிரித்து நுனியை உள்ளே விடுகிறது. சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடும் இழுவைக்குத் துணை.

இழையாகத்தான் போகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி 2014-இல் கிடைத்தது. எஸ்பிடி-பியின் வால்பக்கம் பச்சை ஒளிர் புரதத்தை ஒட்டவைத்தார்கள். தலைப்பக்கம் ஊசிக்குள் போனது. வாலில் இருந்த பச்சைப் புரதம் அவிழ மறுத்து வாசலிலேயே நின்றுவிட்டது. தையல்காரர் நூலின் கடைசியில் போடும் முடிச்சேதான். சிக்கிக்கொண்ட கருவிகளைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், காலியாக இருக்க வேண்டிய துளையின் நடுவே மெல்லிய கோடாகப் புரத இழை ஓடுகிறது. இந்தத் துறையின் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சிரிஞ்சா தையல் ஊசியா என்ற கேள்விக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கட்டும் வரிசை இன்னும் நுட்பமானது. அடித்தளம் முதலில். பிறகு ஊசிப் புரதங்கள், ஏற்கெனவே நிற்கும் ஊசியின் உள்துளை வழியாகவே ஏறி நுனியில் போய்ச் சேர்கின்றன; ஊசி வளர்வது நுனியில்தான். எங்கே நிறுத்துவது? இன்வ்-ஜே என்ற புரதம் இல்லாத பாக்டீரியாவில் ஊசி நிற்காமல் வளர்ந்துகொண்டே போகிறது. நீளமான ஊசி இன்னும் நல்லதுதானே என்று தோன்றலாம். இல்லை, அந்தப் பாக்டீரியா ஒரு ஏவல் புரதத்தைக்கூட அனுப்ப முடியாமல் நிற்கிறது. 'ஊசி போதும், அடுத்த சரக்கு' என்ற மாற்றமே நடப்பதில்லை. அந்த மாற்றத்துக்கு ஸ்பா-எஸ் என்ற இன்னொரு புரதமும் தயாராக இருக்க வேண்டும். அது தன்னைத்தானே ஓரிடத்தில், அஸ்பராஜினுக்கும் புரோலினுக்கும் நடுவே, அறுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி அந்த அறுப்பைத் தடுத்தால் ஊசி அழகாகக் கட்டப்படும். வேலை மட்டும் நடக்காது. முழுக் கருவி தெரிகிறது என்பதால் அது இயங்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

ஊசி முடிந்ததும் நுனியில் சிப்-டி ஐந்து பிரதிகள் மூடி போல உட்காரும். செல்லைத் தொட்டதும் சிப்-பி, சிப்-சி இரண்டும் போய் நம் செல்லின் சவ்வில் துளை அமைக்கும். அதற்குப் பிறகே ஏவல் புரதங்கள். இந்த முன்பின் வரிசையைக் காப்பது அடியிலுள்ள தரம்பிரிப்பு மேடை. துளைப் புரதங்கள் அதில் முதலில் ஏறிக்கொள்ளும், அவை இருக்கும்வரை ஏவல் புரதங்கள் வரிசையில் நிற்கும். ஊசியின் நுனி செல்லைக் குத்திக் கிழிப்பதாகப் படம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சவ்வைத் திறப்பது இந்த இரண்டு புரதங்களே.

வேகம்? சிப்-ஏ என்ற ஏவல் புரதத்தை வைத்து 2005-இல் அளந்தார்கள். பாக்டீரியா செல்லில் ஒட்டிய 10 முதல் 90 நொடிகளுக்குள் அனுப்புதல் தொடங்குகிறது. கையிருப்பில் இருப்பது சுமார் 6,000 மூலக்கூறு. 100 முதல் 600 நொடிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். ஆக மொத்தம் பத்து நிமிடத்துக்குள் சரக்கு கைமாறிவிட்டது.

உள்ளே போனவை செய்வது என்ன? சாப்-இ, செல்லின் ராக், சிடிசி42 என்ற இரண்டு விசைகளை, அதாவது சுவிட்சுகளை, முடுக்குகிறது. செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகள் தாறுமாறாகக் கட்டப்பட்டு, செல்லின் மேற்பரப்பு கொதிக்கும் பால் போலப் பொங்கி எழுந்து பாக்டீரியாவை மூடி உள்ளே இழுக்கிறது. சிப்-ஏ அந்த ஆக்டின் கலையாமல் பிடித்துக்கொள்கிறது. இது மட்டும் என்றால் செல் சிதைந்துபோகும். சிதைந்த வீட்டில் குடியிருக்க முடியாது. எனவே அதே ஊசி வழியே எஸ்பிடி-பியும் போகிறது. அதன் வேலை சாப்-இ முடுக்கிய அதே இரண்டு விசைகளை அணைப்பது. ஒருவன் பற்றவைக்க, இன்னொருவன் அணைக்க, இருவரையும் சேர்த்தே அனுப்பினால் ஒன்றும் நடக்காதே?

இதற்கான விடை 2003-இல் வந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உள்ளே போகின்றன. ஆனால் சாப்-இயை நம் செல்லின் குப்பை அரவை இயந்திரமான புரோட்டியசோம் வெகு வேகமாக அழித்துவிடுகிறது. எஸ்பிடி-பி நெடுநேரம் தங்குகிறது. அதனால் முதலில் பொங்கல், பிறகு அடங்கல். சாப்-இயின் முன்பகுதியை வெட்டிவிட்டு எஸ்பிடி-பியின் முன்பகுதியை ஒட்டினார்கள். அந்தக் கலப்புப் புரதம் அழியாமல் நீடித்தது, செல் பழைய நிலைக்குத் திரும்பும் கால அளவும் மாறியது. அதாவது ஊசிக்கு வழிகாட்டும் அதே முன்பகுதியில், உள்ளே போனபின் எவ்வளவு நேரம் வாழலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. கால அளவை நிர்ணயிக்கும் கடிகாரமாக நம்முடைய புரோட்டியசோமையே பயன்படுத்திக்கொள்கிறது பாக்டீரியா.

இத்தனைக்கும் எல்லாச் சால்மோனெல்லாவும் ஊசி கட்டுவதில்லை. கட்டினால் வளர்ச்சி மந்தமாகும், செலவு அதிகம். எலியின் குடல் நடுவில் மிதப்பவற்றில் சுமார் 15 விழுக்காடுதான் ஊசியோடு இருந்தன. மீதி உள்ளவை, மரபணு ஒன்றாகவே இருந்தும், கட்டவில்லை. ஊசியோடு திசுவுக்குள் நுழைபவற்றில் பெரும்பாலானவை நம் எதிர்ப்புச் செல்களிடம் சாகின்றன. ஆனால் அவை கிளப்பிவிட்ட அழற்சி குடலின் ரசாயனத்தையே மாற்றுகிறது. அப்போது உண்டாகும் டெட்ராதயோனேட்டை வைத்துச் சால்மோனெல்லா சுவாசிக்க முடியும், குடலில் வழக்கமாக வாழும் நொதிக்கும் பாக்டீரியாக்களால் முடியாது. உள்ளே போய்ச் செத்தவற்றின் பலனை வெளியே நின்றவை அனுபவிக்கின்றன.

செல்லுக்குள் போனபின் இரண்டாவது ஊசி ஒன்று இருக்கிறது. தனி மரபணுத் தொகுதி, தனிக் கட்டளை. பாக்டீரியா குடியிருக்கும் பை அமிலமாக, அதாவது பிஹெச் 5 அளவுக்கு, மாறும்போது அது கட்டப்படுகிறது. அமிலத்தில் முதலில் துளைப் புரதங்கள் மட்டும் போய்ப் பையின் சவ்வில் துளையிடும். துளை திறந்ததும் அப்பக்கம் செல்லின் நடுநிலை நீர், பிஹெச் 7.2. அந்த மாற்றம் ஊசி வழியே அடித்தளத்தில் உணரப்பட்டு, அங்கே வாயிற்காவலாக நின்ற மூன்று புரதங்கள் கலைந்து, ஏவல் புரதங்களுக்கு வழி விடுகின்றன. துளை விழுந்ததா என்பதை பிஹெச்சை வைத்தே சரிபார்க்கும் ஏற்பாடு. அப்படிப் போவதில் சிஃப்-ஏ முக்கியமானது. அது இல்லாவிட்டால் பை கிழிந்து பாக்டீரியா வெளியே விழுகிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் அது சாவு.

நம் உடலும் சும்மா இல்லை. ஊசிப் புரதமோ, அடித்தளத்துக்குள் ஊசியைத் தாங்கும் உட்தண்டின் புரதமோ தப்பித்தவறி செல்லுக்குள் சிந்தினால் நெய்ப் என்ற காவல் புரதங்கள் உடனே கண்டுகொண்டு செல்லையே தற்கொலைக்குத் தூண்டும். முதல் ஊசியின் உட்தண்டு எலிகளில் இப்படி மாட்டிக்கொள்கிறது. இரண்டாவது ஊசியின் உட்தண்டோ அந்தக் காவலின் கண்ணில் படாத வடிவத்தில் இருக்கிறது. செல்லுக்குள் நெடுநாள் தங்கப் போகும் ஊசிக்கு அது தேவைதான்.

இதை ஆய்வகத்தில் செய்து பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். முதலாவது, வளர்ப்பு நீரில் ஏவல் புரதம் கிடைத்தது என்று சந்தோஷப்படுவது. பாக்டீரியா செத்து உடைந்தாலும் அதே புரதம் நீரில் கிடைக்கும். எனவே ஒருபோதும் வெளியே வரக் கூடாத டிஎன்ஏ-கே போன்ற உட்புரதத்தையும் அதே நீரில் தேட வேண்டும். அதுவும் இருந்தால் அது கசிவு. சுரப்பு என்று எழுதக் கூடாது. கருவியின் ஒரு பாகமான இன்வ்-ஏயை நீக்கி ஊசியை முடக்கிய பாக்டீரியாவையும் ஒப்பீட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். இரண்டாவது, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 52 கிலோடால்டன் பக்கம் தடித்துத் தெரியும் பட்டை. அது பெரும்பாலும், பாக்டீரியா நீந்தப் பயன்படும் கசையிழையின் புரதமான ஃபிளாஜெலின். சிப் புரதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. கசையிழையும் இதே குடும்பத்து இயந்திரம். எஸ்பிடி-பி அல்லது சாப்-இயில் சாப்பரோன் பிடிக்கும் பகுதியை வெட்டிவிட்டுச் சோதித்தால், புரதம் நீரில் வரத்தான் செய்கிறது. ஆனால் அது கசையிழையின் வழியே வெளியேறியது. சாப்பரோன் தேவையில்லை என்ற தவறான முடிவுக்கு இது நேராகக் கொண்டுபோய் விடும். ஊசியை மட்டும் நீக்கிய வகை, கசையிழையை மட்டும் நீக்கிய வகை, இரண்டையும் நீக்கிய வகை என்று மூன்றையும் வைத்துப் பார்த்தால்தான் எந்த வழி என்று தெரியும்.

செல்லுக்குள் போனதா என்பதைப் பார்க்கப் பச்சை ஒளிர் புரதத்தை ஒட்டுவது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. அது ஏன் முடிச்சாகிவிடும் என்று மேலே சொன்னேன். அதற்குப் பதில், துளை வழியே அவிழ்ந்து போகக்கூடிய பீட்டா-லாக்டமேஸ் நொதியை ஒட்டுவார்கள். செல்லில் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தை ஏற்றிவைத்தால், நொதி உள்ளே வந்த செல்லில் சாயம் அறுபட்டு நீலமாகும். பச்சை வயலில் நீலப் புள்ளிகள், எண்ணிவிடலாம். எத்தனை பாக்டீரியா செல்லுக்குள் நுழைந்தன என்று எண்ண ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஊற்றும் முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. வெளியே நிற்கும் பாக்டீரியாவைக் கொல்லும், செல்லுக்குள் இருப்பதைத் தொடாது என்பது கணக்கு. ஆனால் மேக்ரோஃபேஜ் தற்கொலை செய்து சவ்வில் ஓட்டை விழுந்திருந்தால் மருந்து உள்ளேயும் போய்விடும். எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து 'நுழையவில்லை' என்று எழுதுவோம். உண்மையில் நுழைந்து, செல்லைக் கொன்று, அதனாலேயே செத்திருக்கும். செல் எத்தனை உடைந்தது என்று தனியே அளக்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

ஊசியை அடைக்கும் மருந்து இருந்தால் பாக்டீரியாவைக் கொல்லாமலே நோயைத் தடுக்கலாமே என்ற எண்ணம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 2003 வாக்கில், இதே வகை ஊசி கொண்ட யெர்சினியா என்ற பாக்டீரியாவை வைத்துத் தேடியபோது கிடைத்த சாலிசிலிடீன் அசைல்ஹைட்ரசைடுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் அவை இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்பவை. ஊசியைத் தடுத்தது மருந்தா, இரும்புப் பற்றாக்குறையா என்று பிரிப்பது கடினமானது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் ஊசி நுனிப் புரதத்தைக் குறிவைத்த ஒரு எதிர்ப்புப்பொருள் (ஆன்டிபாடி), நோயாளிகளிடம் செய்த இரண்டாம் கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. என் கணிப்பில் இதில் பெரிய தடை காலம்தான். பத்து நிமிடத்தில் சரக்கு கைமாறும் நோயில், நோயாளி மருத்துவரிடம் வரும்போது முதல் ஊசியின் வேலை என்றோ முடிந்திருக்கும்.

டைஃபாய்டில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. டைஃபியிடமும் இதே முதல் ஊசி உண்டு, குடலில் நுழைய அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் குடலின் உப்புச்செறிவிலிருந்து திசுவின் குறைந்த செறிவுக்கு வந்ததும் டிவி-ஏ என்ற கட்டளைப் புரதம் விழித்துக்கொள்ளும். ஒரு கையால் விஐ எனும் சர்க்கரைப் போர்வையை இழுத்து மூடுகிறது, மறுகையால் ஊசியையும் கசையிழையையும் கட்டுவதை நிறுத்துகிறது. காவல் புரதங்கள் தேடும் இரண்டு பொருளும், ஊசிப் புரதமும் கசையிழைப் புரதமும், அதோடு குறைந்துவிடுகின்றன. டைஃபிமியூரியம் கிளப்பும் அழற்சியும் பேதியும் டைஃபாய்டின் தொடக்கத்தில் அந்த அளவுக்கு இல்லாமல், காய்ச்சல் மட்டும் படிப்படியாக ஏறுவதற்கு இது ஒரு காரணம். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த டைஃபாய்டு கூட்டுத் தடுப்பூசி குறிவைப்பதும் அந்தப் போர்வையைத்தான். ரத்தத்தில் வரும் டைஃபி வெளியே காட்டிக்கொண்டு வருவது அதை.